மேப்பிள் சாறு பால் மாதிரி, சனிக்கிழமை வரை காத்திராது

கேள்வி: கனடாவில் பீற்றர்பரோவுக்கு வடக்கே 14 ஏக்கர் கமம் ஒன்று வாங்கி இரண்டு வருடமாகிறது. அப்பாவும் அம்மாவும் அங்கே இருக்கிறார்கள். எங்களுக்கு வேலை ஸ்காபரோவில், வெள்ளி இரவு போய் ஞாயிறு திரும்புவோம். போன மார்ச் 20க்குப் பிறகு 22 மேப்பிள் மரத்தில் துளை போட்டு வாளி கட்டினோம். கிழமை நாளில் அப்பா சாற்றைப் பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில் ஊற்றி வைப்பார். சனிக்கிழமை நாங்கள் போய்ச் சமையலறை அடுப்பில் காய்ச்சுவோம். பாணி கறுப்பாக, ஒரு நாற்றத்தோடு வந்தது. சில போத்தலின் அடியில் மணல், ஒன்றில் கற்கண்டு, இரண்டில் பூஞ்சணம். "வாளிக்குள்ளே சுண்ணாம்பு பூசாமல் விட்டால் புளிக்காமல் என்ன செய்யும்?" என்கிறா அம்மா. மரத்தில் பழுதா, எங்களில் பழுதா? இந்த வருடம் அதே துளையில் குழாய் வைக்கலாமா?

பதில்: தம்பி, மரத்தில் பழுதில்லை. பீப்பாயில்தான் பழுது. அதே துளையில் குழாய் வைக்கவும் வேண்டாம். அதற்குக் காரணம் பிறகு சொல்கிறேன்.

மரத்தை விட்டு வரும்போது மேப்பிள் சாறு தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். அதில் சீனி ஏறக்குறைய 2 வீதம், மிச்சம் தண்ணீரும் கொஞ்சம் கனிமங்களும்தான். மரத்துக்குள் கிருமி இல்லை. துளையை விட்டு வெளியே வந்த நிமிடத்திலிருந்து கிருமி சேரத் தொடங்குகிறது. கறந்த பாலைத் திங்கட்கிழமை பீப்பாயில் ஊற்றி, அதற்கு மேலே செவ்வாய்ப் பால், புதன் பால் என்று சேர்த்துச் சனிக்கிழமை காய்ச்சுவீர்களா? நீங்கள் செய்தது அதுதான். மார்ச் கடைசியில் பகல் வெயிலில் பிளாஸ்டிக் பீப்பாய் நன்றாகச் சூடேறும். கிருமிகள் சாற்றில் உள்ள சீனியை உடைத்துக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் ஆக்கிவிடும். அவை அடுப்பில் சீக்கிரம் கறுக்கும். நிறம் வந்தது அங்கேயிருந்து. கறுப்பு என்பதே குற்றமில்லை. கனடாவின் 'கிரேட் ஏ' வகைப்பாட்டிலேயே பொன்னிறம், அம்பர், கருமை, மிகக் கருமை என்று நாலு நிறம் உண்டு. கரும்பாணிக்கு என்றே வாடிக்கையாளர் இருக்கிறார்கள், நானும் ஒருவன். நாற்றம்தான் குற்றம்.

அந்த நாற்றத்தில் பாதி பீப்பாயினுடையது என்றால், மற்றப் பாதி உங்கள் திகதியினுடையது. மொட்டுகள் பருக்கத் தொடங்கியதும் சாற்றின் தன்மையே மாறிவிடும். எவ்வளவு சுத்தமாகக் காய்ச்சினாலும் பாணியில் ஒரு கசந்த வாடை நிற்கும். இங்குள்ள கமக்காரர் அதை 'பட்டி' என்பார்கள், மொட்டு வாடை என்று அர்த்தம். உங்கள் பகுதியில் பெப்ரவரிக் கடைசி, மார்ச் தொடக்கத்திலேயே முதல் ஓட்டம் வந்துவிடும். நீங்கள் மார்ச் 20க்குப் பிறகு துளை போட்டதால், கிடைத்தது முக்கால்வாசியும் கடைசிக் காலத்துச் சாறு.

நாட்காட்டியைப் பார்க்காமல் வானிலையைப் பாருங்கள். இரவில் உறைநிலைக்குக் கீழே நாலைந்து பாகை, பகலில் மேலே நாலைந்து பாகை, அப்படி நாலைந்து நாள் தொடர்ந்து வரும் என்று முன்னறிவிப்பு சொன்னால் துளை போடலாம். ஏன் இந்தக் குளிரும் சூடும்? இரவில் தண்டு உறையும்போது மரத்துக்குள் இருக்கும் வாயு சுருங்கி, வேரிலிருந்து தண்ணீரை மேலே இழுக்கிறது. பகலில் பனி இளகும்போது அந்த வாயு விரிந்து சாற்றை வெளியே தள்ளுகிறது. பனையில் நடப்பது வேறு விஷயம். அங்கே பாளையைத் தட்டி, நாளுக்கு நாள் சீவிவிட வேண்டும். உணவு கொண்டு போகும் குழாய்களிலிருந்து கருப்பணி வடிகிறது. இங்கே வருவது மரத்தின் வைரக்கட்டைக்கு வெளியே உள்ள வெண்கட்டையிலிருந்து, இலையே இல்லாத நேரத்தில். அதனால் துளையைத் திரும்பத் திரும்பச் சுரண்டாதீர்கள். அப்பா பனையோடு பழகியவர் என்றால் கை துருதுருக்கும், சொல்லிவையுங்கள். ஒரே துளை நாலு, ஆறு கிழமை ஓடும். பிறகு கிருமி அடைத்து, மரமே மூடிக்கொள்ளும்.

இனி அம்மாவின் சுண்ணாம்பு. அவ சொன்னது பனைக்கு நூற்றுக்கு நூறு சரி. வெக்கைக்குள் முட்டியில் விழும் கருப்பணி மத்தியானத்துக்குள் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு பூசினால் புளிக்காது. மேப்பிளுக்கு அது வேண்டாம். சுண்ணாம்பு விழுந்த சாறு காய்ச்சும்போது இன்னும் கறுக்கும், ருசியும் போகும். 'சுத்தமான மேப்பிள் பாணி' என்று சொல்லி விற்கவும் முடியாது. இங்கே சுண்ணாம்பின் வேலையைக் குளிர் செய்யும். பீப்பாயை வீட்டின் வடக்குப் பக்க நிழலில் வைத்து, சுற்றிவரக் கழுத்துவரைக்கும் பனியை வெட்டிக் குவியுங்கள். சாறு 4 பாகைக்குக் கீழே நின்றால் ஒன்றிரண்டு நாள் தாங்கும். கலங்கிய சாற்றை ஊற்றிவிடுங்கள், காய்ச்சி விறகைச் செலவழிக்காதீர்கள். அந்தப் பீப்பாய் முன்பு எதற்குப் பாவித்தது என்றும் பாருங்கள். உணவுக்கென்று செய்த பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். பழைய கமங்களின் கொட்டிலில் தகர வாளிகள் அழகாகக் கிடக்கும். ஈயப் பற்றுவைப்பு உள்ள அந்த வாளிகளில் பூ வளர்க்கலாம், சாறு பிடிக்கக் கூடாது.

இப்போது முக்கியமான கணக்குக்கு வருகிறேன். நல்ல மரத்தில் ஒரு துளை ஒரு பருவத்தில் ஏறக்குறைய 40 லிட்டர் சாறு தரும். 40 லிட்டர் சாறு காய்ந்தால் ஒரு லிட்டர் பாணி. சரியான கணக்கு வேண்டுமானால் 86ஐச் சாற்றின் சீனி வீதத்தால் பிரியுங்கள்: 2 வீதம் என்றால் 43 லிட்டருக்கு ஒரு லிட்டர். உங்கள் 22 துளைக்கு 880 லிட்டர் சாறு, 20 லிட்டர் பாணி. ஆக 860 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். சமையலறை அடுப்பு ஒன்றில் மணிக்கு மூன்று லிட்டர் போனால் பெரிய காரியம். கூட்டிப் பாருங்கள், 280 மணித்தியாலத்துக்கு மேலே வருகிறது. சனிக்கிழமைக்குள் அது அடங்குமா? அந்த ஆவி எல்லாம் எங்கே போகும்? என் முதல் வருடத்தில் நானும் வீட்டுக்குள்தான் காய்ச்சினேன். சமையலறைச் சுவர்த்தாள் உரிந்து தொங்கியது. மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறா.

என் யோசனை, இந்த வருடம் எட்டு மரத்துக்கு மேலே தொடாதீர்கள். நல்ல ஓட்டமுள்ள நாளில் துளைக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தாலும் நாளுக்கு 40 லிட்டர். அப்பாவும் பனியில் வழுக்கி விழாமல் தூக்கி வரக்கூடிய அளவு அதுதான். வெளியே சீமெந்துக் கல்லை அடுக்கி நீளமான அடுப்பொன்று கட்டுங்கள், கடைசியில் புகைபோக்கி ஒன்று. மேலே நம்மட விருந்துகளில் சோறும் கறியும் வைக்கிற ஸ்டெயின்லெஸ் கேட்டரிங் ட்ரே மூன்றை வரிசையாக இறக்குங்கள். காய்ந்த விறகை மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து எரித்தால் மணிக்குப் பத்து முதல் பதினைந்து லிட்டர் போகும். சாறு நாலு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நிற்கட்டும். அடி தெரிகிற அளவுக்கு இறங்கினால் கருகிவிடும். புதுச் சாற்றைப் புகைபோக்கிப் பக்கத்து ட்ரேயில் ஊற்றி, சுண்டச் சுண்ட மற்றவற்றுக்கு மாற்றி வாருங்கள். பொங்கினால் ஒரு சொட்டு வெண்ணெய் போதும். யாருக்காவது கொடுக்கும்போது, பால் ஒவ்வாமை உள்ளவர்களிடம் இதை மறைக்க வேண்டாம்.

இப்படியானால் அப்பா அன்றன்றைய சாற்றை அன்றைக்கே மூன்று நாலு மணித்தியாலத்தில் முக்கால் பதமாகச் சுண்டவைத்து, வடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். 40 லிட்டர் இரண்டு மூன்று லிட்டராகிவிடும். சுண்டிய சாறு சில நாள் குளிரில் பழுதாகாது. கடைசிப் பதத்தை நீங்கள் சனிக்கிழமை பார்த்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் சமையலறையில் செய்யலாம். பெரிய தோப்புக்காரர் சவ்வூடு வடிகட்டும் பொறி வைத்து, காய்ச்சுமுன்பே பெரும்பகுதித் தண்ணீரை எடுத்துவிடுவார்கள். எட்டு மரத்துக்கு அந்தச் செலவு வீண்.

உங்கள் மூன்று போத்தல் கோளாறும் இந்தக் கடைசிப் பதத்தில் வந்தவைதான். கனடாவில் பாணியின் சீனி 66 பிரிக்ஸுக்கு (எடையில் நூற்றுக்கு எத்தனை பங்கு சீனி என்ற அளவு) குறையவும் கூடாது, 68.9ஐத் தாண்டவும் கூடாது. குறைந்தால் பூஞ்சணம், கூடினால் அடியில் கற்கண்டு. ஒரே வீட்டில் இரண்டும் வந்ததென்றால் நீங்கள் கண்ணால் பார்த்து இறக்கியிருக்கிறீர்கள். பனங்கட்டிப் பதம் பார்த்த கண் இதற்கு உதவாது. தண்ணீர் கொதிக்கிற வெப்பத்துக்கு மேலே 4 பாகை வந்தால் பதம். கடல் மட்டத்தில் அது 104. ஆனால் உயரத்துக்கும் அன்றைய காற்றழுத்தத்துக்கும் ஏற்ப அது மாறும். ஆகவே ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு சட்டி வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானியைப் பாருங்கள். 99 காட்டினால் உங்கள் பதம் 103. மேப்பிளுக்கென்று விற்கும் ஹைட்ரோமீட்டர், அதாவது பாணியில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கருவி, ஒன்றும் வாங்குங்கள். கொதிக்கும் பாணிக்கு ஒரு கோடு, ஆறிய பாணிக்கு ஒரு கோடு அதிலேயே இருக்கும்.

மணல் வேறு. அது சாற்றிலிருந்த கனிமம், சுண்டும்போது திரண்டு வருவது. வாயில் போட்டால் இனிக்காமல் நறநறக்கும். கற்கண்டு என்றால் இனிக்கும். பருத்திச் சேலைத் துணி பட்டையையும் பூச்சியையும் மட்டுந்தான் பிடிக்கும். இதற்கென்று விற்கும் தடித்த கம்பளிக் கூம்பில், பாணி கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே வடிக்க வேண்டும். வடித்த பாணி ஆறியிருந்தால் மறுபடி 85 பாகைக்குச் சூடாக்கிப் போத்தலில் ஊற்றி, மூடி, ஒரு நிமிடம் சரித்து வையுங்கள். மூடியின் உட்பக்கமும் சூடாகட்டும். திறந்த போத்தல் குளிர்சாதனப் பெட்டிக்குள்தான். போன வருடப் பூஞ்சணப் போத்தல் இரண்டையும் எறியுங்கள். கற்கண்டு விழுந்ததைச் சாப்பிடலாம்.

மரத்துக்கு வருவோம். நிலத்திலிருந்து நெஞ்சு உயரத்தில் குறுக்களவு 25 சென்ரிமீற்றர் இல்லாத மரத்தைத் தொடக் கூடாது. 80 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு கயிறு வெட்டி அப்பாவிடம் கொடுங்கள். கயிறு சுற்றி முட்டுகிற மரம் இன்னும் குழந்தை. கயிறு எட்டாத மரத்துக்கு ஒரு துளை. 45 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கிழட்டு மரத்துக்கு மட்டும் இரண்டு. எதிரெதிராகக் கிளை விட்டு, நுனியில் கூரான மண்ணிற மொட்டு இருந்தால் சுகர் மேப்பிள். மொட்டு சிவந்து உருண்டிருந்தால் றெட் மேப்பிள். அதில் சீனியும் குறைவு, மொட்டும் முந்திப் பருக்கும். எட்டு மரம்தானே, எல்லாம் சுகர் மேப்பிளாகவே பொறுக்குங்கள். அடுத்த முறைக்கு இலையுதிர்காலத்திலேயே இலையைப் பார்த்து நாடா கட்டிவிட்டால் பனிக்குள் நின்று மொட்டுச் சோதிக்கத் தேவையில்லை. கம்பளிப்புழு இலையை மொட்டையாகத் தின்ற மரத்துக்கு ஒரு வருடம் ஓய்வு கொடுங்கள்.

துளை 8 மில்லிமீற்றர் அகலம், நாலு சென்ரிமீற்றர் ஆழம், சாறு வடிய வாய்ப்பக்கம் கொஞ்சம் தாழ. துருவல் வெள்ளையாக வந்தால் உயிருள்ள கட்டை. மண்ணிறமாக வந்தால் பழைய காயத்தில் போட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு துளைக்கும் மேலும் கீழுமாக நீளத்துக்கு ஒரு கோடு கட்டை செத்துவிடும். மரம் அதை ஆற்றாது, சுவர் கட்டி ஒதுக்கிவிடும். அதனால்தான் பழைய துளை வேண்டாம் என்றேன். அதற்கு நேர் மேலேயும் கீழேயும் வேண்டாம். பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். குழாயை மெதுவாகத் தட்டுங்கள், சத்தம் மாறியதும் நிறுத்துங்கள். ஓங்கி அடித்தால் கட்டை பிளந்து சாறு பக்கத்தால் ஒழுகும்.

அம்மாவுக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள், சந்தோசப்படுவா. ஐரோப்பியர் வருமுன்பே உங்கள் பகுதியின் அனிஷினாபே மக்கள் இந்தச் சாற்றைப் பாணியாக நிறுத்தாமல் கட்டியாகும்வரை காய்ச்சி வைத்தார்கள். பாணி பழுதாகும், கட்டி வருடக் கணக்கில் இருக்கும். நாம் பனங்கட்டி செய்ததும் அதற்குத்தானே. முதல் சனிக்கிழமைப் பாணியில் ஒரு கோப்பையை 113 பாகைவரை ஏற்றி, இறக்கி, மரக்கரண்டியால் கிண்டி அச்சில் ஊற்றிப் பார்க்கட்டும். அவவின் கைக்கு அது உடனே பிடிபடும்.

விற்கிற யோசனை இப்போது வேண்டாம். விற்பதென்றால் லேபல், நிறத் தரம், அளவு எல்லாவற்றுக்கும் மாகாண விதி உண்டு. வேறு மாகாணத்துக்கு அனுப்ப மத்திய அரசின் அனுமதிப் பத்திரமும் வேண்டும். எட்டு மரத்தில் வருவது ஏழெட்டு லிட்டர், வீட்டுக்கும் சொந்தக்காரருக்கும் சரி.

மொட்டு பருத்த அன்றைக்குக் குழாய்களைக் கழற்றிவிடுங்கள், அடுத்த நாள் எவ்வளவு ஓடினாலும். துளைக்குள் மெழுகோ ஆப்போ அடிக்க வேண்டாம். குழாயையும் வாளியையும் சுடுதண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டு, எலி எட்டாத இடத்தில் கவிழ்த்து வையுங்கள்.