இறக்கை குறைந்த பழ ஈக்களுக்கு இனப்பெருக்கமும் குறைவது ஏன்?

விலங்கியல் மாணவர் ஒருவரின் கேள்வி இது: "வெஸ்டிஜியல் என்ற மரபணு பழுதான ஈக்களுக்கு இறக்கை சிறுத்திருப்பது புரிகிறது. ஆனால் அந்தப் பாட்டிலில் அடுத்த தலைமுறையும் ஏன் குறைவாக வருகிறது?"

சென்னையில் கல்லூரி ஆய்வகத்தில் ரவையும் வெல்லமும் அகாரும் காய்ச்சி, பல வருடங்களாக இந்த ஈக்களை வளர்த்து வருகிறேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் மரபணுவுக்கு மரபணு காரணம் வேறு.

வெஸ்டிஜியல் மரபணு தரும் புரதம் ஸ்கலப்டு என்ற இன்னொரு புரதத்தோடு சேர்ந்துதான் லார்வாவுக்குள் இருக்கும் இறக்கைத் தட்டின் செல்களை இறக்கையாக வளர வைக்கிறது. அது இல்லாவிட்டால் அந்தச் செல்கள் இறந்துபோகும். இப்போது ஆண் ஈ பெண்ணைத் தேடும்போது லென்ஸ் வைத்துப் பாருங்கள். முன்காலால் தட்டும், பின்னாலேயே ஓடும், பிறகு பெண் இருக்கும் பக்கத்து இறக்கையை மட்டும் விரித்து அதிரவைக்கும். ஏறக்குறைய 35 மில்லி விநாடிக்கு ஒரு துடிப்பு. அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் பெண் இணங்கும். இறக்கையே இல்லாத ஆண் எதைக்கொண்டு பாடும்? விந்தில் குறை இல்லாவிட்டாலும் இணைசேர்வது தாமதமாகும், சில சமயம் நடக்காமலே போகும்.

என்னை மிகவும் கவர்ந்தது ருடிமென்டரி. மார்கன் காலத்திலேயே கண்டுபிடித்த, எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் மரபணு. டிஎன்ஏவுக்கும் ஆர்என்ஏவுக்கும் வேண்டிய பிரிமிடின் என்ற மூலப்பொருள்களைத் தயாரிக்கும் நொதி இதிலிருந்துதான் வருகிறது. இறக்கைத் தட்டோ சில பத்து செல்களில் தொடங்கிப் பல்லாயிரம் செல்களாகப் பெருக வேண்டிய இடம். பிரிமிடின் தட்டுப்பாடு அங்கே பளிச்சென்று தெரிந்துவிடும். முட்டையிலும் அதே கதைதான். கரு தன் மரபணுக்களை இயக்கத் தொடங்கும்வரை தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றில்தான் வாழ்கிறது. தாயிடமே பிரிமிடின் இல்லையென்றால் கரு பாதியில் செத்துவிடும். 1974-ல் இப்படிப்பட்ட முட்டைகளுக்குள் பிரிமிடின் நியூக்ளியோசைடுகளை ஊசியால் செலுத்திக் கருக்களைக் காப்பாற்றியே காட்டினார்கள். ஒரு மலட்டுத்தன்மையின் காரணத்தை இவ்வளவு நேரடியாக நிரூபித்த சோதனைகள் அரிது.

ஃபியூஸ்டு மரபணுவும் இதே வரிசைதான்: இறக்கை நரம்புகள் ஒட்டிக்கொள்ளும், பெண்ணின் சூலகமும் கெடும். செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லும் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞைப் பாதையில் இரண்டு இடத்திலும் அதற்கு வேலை இருக்கிறது.

தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர். பி. சர்மா 1973-ல் அறிவித்த விங்லெஸ் ஈயை இங்கே சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் கண்டெடுத்த ஈ என்பதில் எனக்குப் பெருமை. ஒரே பாட்டிலில் இரு இறக்கை, ஒரு இறக்கை, இறக்கையே இல்லாதது என மூன்று விதமும் வரும். ஆனால் இந்த மரபணு முழுவதும் செயலிழந்தால் கருவே பிழைக்காது. அப்போது பொரிக்காத முட்டையைப் பார்த்துத் தாய்தான் மலடு என்று முடிவுகட்டுவது பெரும் தவறு.

சென்னையில் இருப்பவர்கள் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 30 டிகிரியைத் தாண்டிய சூட்டில் வளரும் சாதாரண ஆண் ஈக்கள்கூட மலடாகிவிடும். வெஸ்டிஜியல் இறக்கையோ அதே சூட்டில் சற்று நீளமாக வளரும். மே மாதம் இன்குபேட்டர் 25 டிகிரியில் நிற்காமல் மின்சாரம் போய்ப்போய் வந்தால், வரும் எண்ணிக்கையை மரபணுவின் மேல் போடக்கூடாது.

உங்கள் ஈக்களுக்கு எது காரணம் என்று பார்க்க, இனக்கலப்புச் சோதனையை இரு திசையிலும் செய்யுங்கள். ருடிமென்டரி ஆணைச் சாதாரணப் பெண்ணோடு விட்டால் பாட்டில் நிறைய ஈக்கள் வரும். ருடிமென்டரி பெண்ணைச் சாதாரண ஆணோடு விட்டால் கொஞ்சம்தான் வரும், வருவதும் பெரும்பாலும் பெண் ஈக்கள். அப்பாவிடமிருந்து நல்ல எக்ஸ் அவற்றுக்கு மட்டும்தான் கிடைக்கிறது. அதனால் மொத்தத்தை மட்டும் எண்ணாமல், ஆணையும் பெண்ணையும் தனித்தனியாக எண்ணி நோட்டில் எழுதி வையுங்கள்.