ஆசிட் பட்ட குழந்தை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பிள்ளை மேல் ஆசிட் கொட்டிவிட்டால் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றலாமா? காரம் அமிலத்தை முறிக்கும் என்று என் மகன் பாடத்தில் படித்திருக்கிறான். (திருப்பூர் வாசகர்)

சோதனைக் குழாயில் முறிக்கும். தோலில் வேண்டாம், அந்த வினையில் கிளம்பும் சூடே புண்ணை மோசமாக்கலாம். தண்ணீர் மட்டும் போதும். குழாயைத் திறந்துவிட்டு குறைந்தது 30 நிமிடம் விடாமல் ஊற்றுங்கள். எரிச்சல் அடங்காவிட்டால் இன்னும் ஊற்றலாம். சட்டையைத் தலைவழியாகக் கழற்றினால் முகத்தில் படும், கத்தரியால் வெட்டி எடுங்கள். கண்ணில் பட்டிருந்தால் அந்தக் கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்து, இமையை விரித்துப் பிடித்துக் கழுவுங்கள். சின்னக் குழந்தைக்குச் சீக்கிரம் குளிரெடுக்கும். ஆசிட் படாத பகுதியைப் போர்த்தி வையுங்கள். யாராவது ஒருவர் 108க்கு அழைக்கட்டும். ஐஸ், பேனா மை, முட்டை வெள்ளைக்கரு எதுவும் தடவக் கூடாது. பற்பசை பூசிக் கொண்டுவந்தால், புண்ணின் ஆழத்தைப் பார்க்க முதலில் மருத்துவர்களான நாங்கள் அதைத்தான் சுரண்ட வேண்டியிருக்கிறது.

குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த கழிவறை ஆசிடை என் மூன்று வயது மகன் குடித்துவிட்டான். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தோம். பத்து நாளில் தேறி நன்றாகச் சாப்பிட்டான். ஒரு மாதம் ஆகிறது, இப்போது சோறு இறங்க மாட்டேன் என்கிறது. சளியாக இருக்குமோ?

சளி இல்லை. இன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சென்னைப் பக்கம் என்றால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை.

ஆசிட் பட்ட உணவுக்குழாய் முதலில் புண்ணாகி ஆறுவதுபோல் தெரியும். மூன்றாவது வாரத்திலிருந்து தழும்பு இறுகிக் குழாய் சுருங்கத் தொடங்கும். முதலில் இட்லி நிற்கும், பிறகு கஞ்சி, கடைசியில் எச்சில்கூட இறங்காது. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் பேரியம் என்ற மருந்துக் கரைசலைக் குடிக்க வைத்துப் படம் எடுத்தால் எந்த இடம், எவ்வளவு நீளம் என்று தெரியும். வாய் வழியாக விடும் கேமராக் குழாயான எண்டோஸ்கோப் வழியாகச் சில வார இடைவெளியில் அதைப் படிப்படியாக விரிப்பார்கள். பல தடவை செய்ய வேண்டிவரும். இரண்டு தடவையில் சாப்பாடு இறங்கியதும் பாதியில் நின்றுவிடுகிற குடும்பங்கள் நிறைய. குழாய் மறுபடி சுருங்கிவிடும். சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து வாந்தி வருகிறதா என்றும் கவனியுங்கள். ஆசிட் இரைப்பையின் வாயிலையும் அடைக்கும்.

வாந்தி எடுக்க வைப்பது தவறு: இறங்கும்போது சுட்டது ஏறும்போது மறுபடி சுடும். அந்த பாட்டிலை இனி வீட்டில் வைக்காதீர்கள்.

ஆறு வயது மகளுக்குக் கழுத்திலும் கன்னத்திலும் தோல் ஒட்டுவைத்தார்கள். தழும்பு தடிக்காமல் அழுத்தி வைக்கும் இறுக்க உடையை எத்தனை மணி நேரம் போட வேண்டும்? “பிள்ளையைக் கட்டிப்போட்டு வைக்கிறாயே” என்று மாமியார் சத்தம் போடுகிறார்.

ஒரு நாளில் 23 மணி நேரம். குளிக்கவும் எண்ணெய் தடவி நீவிவிடவும் மட்டும் கழற்றுங்கள். தழும்பை விரலால் அழுத்தி எடுங்கள்: வெளுத்து, சட்டென்று மறுபடி சிவந்தால் அது இன்னும் தடித்துக்கொண்டிருக்கிறது. சிவப்பு மறைந்து மெத்தென்று ஆகும்வரை, அதாவது ஒரு வருடம், ஒன்றரை வருடம் போட வேண்டியிருக்கும். பிள்ளை வளர வளர புது அளவு தைக்க வேண்டும். தூங்கும்போது தலையணை வேண்டாம். தோளுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்தால் கழுத்து நிமிர்ந்தே இருக்கும். இல்லாவிட்டால் தாடை நெஞ்சோடு இழுத்துக்கொள்ளும். மாமியாரை அடுத்த முறை பிசியோதெரபிக்கு அழைத்துப் போங்கள். நான் சொல்வதைவிட அது வேலை செய்யும்.

இன்னொன்று: எலும்பு வளரும், தழும்பு கூடவே வளராது. அதனால் பதின்வயது முடியும்வரை அவ்வப்போது இழுப்பை விடுவிக்க அறுவை சிகிச்சை தேவைப்படலாம். முதல் அறுவை சிகிச்சை தோற்றுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. அழகுக்கான திருத்தம் காத்திருக்கலாம். ஆனால் கண் இமை முழுதாக மூடவில்லை என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள், கருவிழி காய்ந்து பார்வை போகும்.

முட்டை, மீன், கத்தரிக்காய் கொடுத்தால் புண் சீழ் பிடிக்குமா?

பிடிக்காது. தீக்காயத்துக்குப் பத்தியம் கிடையாது. புரதம் இல்லாமல் ஒட்டிய தோல் சரியாகப் பிடிக்காது, முட்டையும் பருப்பும் மீனும் தாராளமாகக் கொடுங்கள்.

என் தங்கை மேல் ஆசிட் வீசியபோது மடியிலிருந்த குழந்தைக்கும் பட்டது. தனியார் மருத்துவமனையில் முன்பணம் கேட்டார்கள். கட்டத்தான் வேண்டுமா?

வேண்டாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 397ஆம் பிரிவின்படி அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். மறுத்தால் பொறுப்பானவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. பின்னால் செய்யும் சீரமைப்பு அறுவை சிகிச்சைக்கும் தனியார் மருத்துவமனைகள் பணம் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொல்லிவிட்டது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர் என்ற சான்றிதழை, தங்கைக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று எனத் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். இழப்பீட்டுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இரண்டு மனு கொடுங்கள், தொலைபேசி 15100. உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பின்படி குறைந்தபட்சம் 3 லட்சம் ரூபாய், அதில் 1 லட்சம் 15 நாளுக்குள். குழந்தையின் பெயரை விட்டுவிட்டு ஒரே மனு எழுதிவிடுவார்கள், கவனம்.

மகள் பார்த்து அழுவாள் என்று வீட்டுக் கண்ணாடிகளை எடுத்துவிட்டோம். சரியா?

திரும்ப மாட்டுங்கள். பேருந்து ஜன்னலிலும் உங்கள் கைப்பேசியிலும் ஏற்கெனவே பார்த்திருப்பாள். தனியாகப் பார்ப்பதைவிட உங்கள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பள்ளிக்கு அனுப்பும் முன் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். யாராவது கேட்டால் சொல்ல அவளுக்கு ஒரு வாக்கியம் பழக்கிக் கொடுங்கள்: “ஆசிட் பட்டுச்சு, இப்ப வலிக்கல, விளையாட வர்றியா?” கெட்ட கனவும் படுக்கையில் சிறுநீரும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். ஒட்டிய தோல் வெயிலில் கறுக்கும், தொப்பியை மறக்காதீர்கள்.