பெருவிரல் மூட்டுத் தேய்மானம்: விரலை அசையாமல் பொருத்தினால் நடக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 56 வயது, பள்ளி ஆசிரியை. இரண்டு வருடமாக வலது கால் பெருவிரல் அடிமூட்டில் வலி. மூட்டின் மேல் எலும்பு புடைத்திருக்கிறது. எக்ஸ்ரேயில் தேய்மானம் என்றார்கள். யூரிக் அமிலம் சரியாக இருக்கிறது. அறுவை சிகிச்சையில் விரலை அசையாமல் பொருத்திவிடலாம் என்கிறார் எலும்பு மருத்துவர். அப்புறம் நடக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அதற்கு முன் உங்கள் செருப்பைப் பார்க்க வேண்டும்.

நடக்கையில் குதிகால் தரையை விட்டு எழும்போது பெருவிரல் 50, 60 டிகிரி மேல்நோக்கி மடங்குகிறது. தேய்ந்த மூட்டின் விளிம்பில் முளைத்த எலும்பு, கதவிடுக்கில் செருகிய ஆப்பு மாதிரி அதைத் தடுக்கிறது. விரலை மடங்க விடாமல் வைத்தாலே பலருக்கு வலி நன்றாகக் குறையும்.

கால்வலி என்றதும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு வாங்குவது நம் வழக்கம். குதிகால் வலிக்குச் சரி, உங்களுக்கு அது போதாது. செருப்பைக் கையில் எடுத்து மடித்துப் பாருங்கள். சுலபமாக மடங்கினால் விரலும் அதோடு மடங்கும். அடிப்பாகம் விறைப்பாகவும், முன்பக்கம் படகு போல மேல்நோக்கி வளைந்தும், புடைப்பை அழுத்தாமலும் இருக்கும் காலணியைத் தேடுங்கள். ஷூ அணிபவர் என்றால் உள்ளே கார்பன் ஃபைபர் தகடு வைக்கலாம். வீட்டுக்குள்ளும் வெறுங்கால் வேண்டாம்.

வலி கூடும் நாட்களில் டைக்ளோஃபினாக் ஜெல் தடவலாம். வலி மாத்திரையை, குறிப்பாக பிபி, சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் இருந்தால், கேட்காமல் போடாதீர்கள். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரமோ சில மாதமோ தாங்கும். தேய்மானம் முற்றியவர்களுக்கு அதுவும் சந்தேகம்தான்.

இதெல்லாம் செய்தும் அடங்கவில்லையா? விரலை முழுக்க மேலே வளைக்கும்போது மட்டும் வலித்தால், முளைத்த எலும்பைச் செதுக்கி எடுப்பதே பெரும்பாலும் போதும்; அசைவும் மிஞ்சும். லேசாக அசைத்தாலே வலித்தால், தகடும் ஸ்க்ரூவும் வைத்துப் பொருத்துவதுதான் நம்பகமானது. எலும்பு ஒட்ட 6 முதல் 12 வாரம் ஆகலாம். புகைப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் தாமதமாகும். ஹை ஹீல்ஸ் போடுவதும், முன்பாதத்தை ஊன்றி உட்காருவதும் இனி கஷ்டம். உங்கள் விரல் ஏற்கெனவே விறைத்திருந்தால் புதிதாக இழப்பது குறைவுதான். செயற்கை மூட்டும் உண்டு. ஆனால் முழங்காலில் கிடைத்த வெற்றி பெருவிரலில் கிடைக்கவில்லை என்பதால் நான் அதை வற்புறுத்துவதில்லை.

அடுத்த முறை போகும்போது, “செதுக்கினால் மட்டும் போதாதா?” என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இடையில் ஒரு நாள் மூட்டு திடீரெனச் சிவந்து, வீங்கி, தொடவே முடியாமல் வலித்தால் அன்றே போய்க் காட்டுங்கள். யூரிக் அமிலம் படிந்து மூட்டு வீங்கும் கௌட், ரத்தத்தில் அதன் அளவு சரியாக இருப்பவர்களுக்கும் வருவதுண்டு.