பத்திரமாக வந்தவர் மேல் ஏன் இத்தனை கோபம்?

கேள்வி: எனக்கு 34 வயது. சிவதாபுரத்தில் வீடு. வீட்டுக்காரர் ஏற்காட்டில் ஒரு விடுதியில் சூப்பர்வைசர். தினமும் பைக்கில் மலை ஏறி இறங்குகிறார். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போனை எடுக்காவிட்டால் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். பத்து, பதினைந்து தடவை அடிப்பேன். வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார் என்று தெரியும். ஆனால் அவர் நல்லபடியாக வாசலில் வந்து நின்ற பிறகுதான் கோபமே வருகிறது. தட்டை ‘டங்’கென்று வைத்துவிட்டு இரண்டு நாள் பேச மாட்டேன். ஐந்து ரோடு பக்கம் ஒரு கவுன்சலரிடம் நான்கு வாரம் போனேன். அவர் அப்பாவைப் பற்றியே கேட்டார். இன்றைக்கு வருகிற கோபத்துக்கு 30 வருஷத்துக் கதை எதற்கு? ஐந்தாவது வாரம் சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டுவிட்டார். அதோடு நிறுத்திவிட்டேன். வேறு ஆளைப் பார்க்கட்டுமா?

பி.கு.: அப்பா ரொம்ப நல்லவர். கொலுசு விற்க வடநாட்டுக்குப் போவார். பிள்ளைகள் அழும் என்று நாங்கள் தூங்கும்போது கிளம்பிவிடுவார், அவ்வளவுதான். நானும் என் மூன்று வயது மகளை அம்மா கொல்லைப்பக்கம் கூட்டிப்போகிற நேரம் பார்த்துத்தான் முன்வாசல் வழியாக வேலைக்குக் கிளம்புகிறேன்.

— பெயர் வேண்டாம், சேலம்

பதில்: வணக்கம்மா. முதல் தடவை படித்தபோது உங்கள் வீட்டுக்காரரை நினைத்துப் பாவமாக இருந்தது. இரண்டாவது தடவை அந்தப் பின்குறிப்பில், ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். அப்பா கதை எதற்கு என்று கேட்டவர் நீங்கள். கவரை ஒட்டப்போகிற நேரத்தில் அதே அப்பாவைக் கூட்டிவந்து கடைசி வரியில் உட்கார வைத்தவரும் நீங்கள்தான்.

உங்கள் கவுன்சலர் கையாண்டது சைக்கோடைனமிக் அணுகுமுறை என்று நினைக்கிறேன். நமக்கே தெரியாமல் உள்ளே ஓடும் உணர்வுகள்தான் நம்மைப் பாதி நேரம் ஓட்டுகின்றன, அவை சின்ன வயதில் நெருங்கியவர்களோடு இருந்த உறவில் உருவானவை என்பது அதன் அடிப்படை. அதனால் அவர்கள் பெரிய பேச்சை விட, ஓரத்தில் சிந்தும் சொல்லைத்தான் கவனிப்பார்கள்.

இதற்கு வித்திட்ட வியன்னா மருத்துவர் ஃபிராய்டு, 1920-ல் வெளியிட்ட ஒரு நூலில் தன் பேரனைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒன்றரை வயதுப் பிள்ளை. அம்மா மணிக்கணக்கில் வெளியே போனாலும் அழ மாட்டான். சமர்த்து என்று எல்லோருக்கும் பெருமை. ஆனால் அவனுக்கு ஒரு விளையாட்டு உண்டு. நூல் கட்டிய மர உருளை ஒன்றைத் திரை போட்ட தன் தொட்டிலுக்குள் வீசுவான். அது கண்ணுக்கு மறைந்ததும் “ஓ...ஓ...” என்று நீட்டுவான். ஜெர்மனில் ‘ஃபோர்ட்’, அதாவது ‘போயிடுச்சு’ என்று சொல்லப் பார்க்கிறான் என்று அம்மாவும் தாத்தாவும் புரிந்துகொண்டார்கள். அப்புறம் நூலைப் பிடித்து இழுப்பான். உருளை வெளியே வந்ததும் “டா!” ‘இதோ!’ என்று சிரிப்பான். அம்மா போவதை அவனால் தடுக்க முடியாது. உருளை போவதும் வருவதும் அவன் கையில்.

பதினைந்து தடவை போன் அடிக்கிறீர்களே, அந்த நூலைத்தான் இழுக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுகிறது என்றுதான் சொல்வேன். கடிதத்தை வைத்துக் கட்டம் போட்டுச் சொல்ல நான் ஜோசியர் இல்லை.

சரி, வந்த பிறகு ஏன் கோபம்? அப்பா கிளம்பிவிட்ட காலையில் ஒரு பிள்ளைக்குக் கோபப்பட ஆள் ஏது? பாய் காலியாக இருக்கும். அவர் திரும்பும் நாளிலோ பை நிறைய இனிப்பு, வீடே சந்தோஷத்தில் இருக்கும். அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அம்மாவிடம் அடி விழும். ஆக, அந்தக் கோபம் போக வழியில்லாமல் தங்கிவிடுகிறது. லண்டனில் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும் அவரோடு வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் மருத்துவமனையில் தனியாக விடப்பட்ட குழந்தைகளைக் கவனித்தார்கள். பெற்றோர் கூடத் தங்க அனுமதி இல்லாத காலம் அது. நாள்கணக்கில் அம்மாவுக்காக ஏங்கிய சில குழந்தைகள், அம்மா வந்து நின்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. நீங்கள் இரண்டு நாள் பேசாமல் இருப்பதைப் படித்ததும் எனக்கு அந்தக் குழந்தைகள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

இதில் அப்பாவைக் குற்றவாளி ஆக்க ஒன்றுமில்லை. “குழந்தை கண்ணில் படாமல் கிளம்பு” என்று சொல்லாத பாட்டி நம் ஊரில் யார்? சரக்கைத் தூக்கிக்கொண்டு ரயிலேறியவருக்கும் தூங்குகிற பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவது லேசாக இருந்திருக்காது. அவர் நல்லவர் என்பதும், உங்களுக்கு அவர் மேல் கோபம் என்பதும் ஒரே மனதில் இருக்கலாம்.

இப்போது கவுன்சலர் விஷயம். சொல்லாமல் லீவு போட்டது அவர் தப்பு. ஒரு மெசேஜ் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் நீங்கள் என்ன செய்தீர்கள் பாருங்கள். சொல்லாமல் போனவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நீங்களும் சொல்லாமல் கிளம்பிவிட்டீர்கள். பழைய ஆள் மேல் உள்ள உணர்வு புது ஆள் மேல் போய் இறங்குவதை ‘டிரான்ஸ்ஃபரன்ஸ்’ என்பார்கள். ஃபிராய்டிடம் 1900-ல் சிகிச்சைக்கு வந்த 18 வயதுப் பெண் ஒருத்தி பதினோரு வாரத்தில் திடீரென்று நின்றுவிட்டாள். இந்த உணர்வைத் தான் நேரத்தோடு கவனிக்கத் தவறியதை 1905-ல் வெளியிட்ட குறிப்பில் அவரே ஒத்துக்கொண்டார். இடைஞ்சலாகத் தெரிந்த அதுதான் பிறகு இந்தச் சிகிச்சையின் முக்கியக் கருவியே ஆனது.

ஆகவே ஆளை மாற்றாதீர்கள், இப்போதைக்கு. ஒரு தடவை போய், “நீங்க சொல்லாம லீவு போட்டது எனக்குக் கோபம்” என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் சொல்ல வராத வாக்கியம் அங்கே வரலாம். அவர் பொறுமையாகக் கேட்டால் தொடருங்கள். எத்தனை அமர்வு என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வாரம் ஒன்றாக 16, 20 என்று வரம்பு வைத்தும் செய்வார்கள். எரிச்சல்பட்டால் தாராளமாக வேறு ஆளைப் பாருங்கள்.

ஃபிராய்டு சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நான் நினைக்கவில்லை. பெண்களைப் பற்றி அவர் எழுதியதில் பாதியை அவர் வழியில் வந்தவர்களே தூக்கிப் போட்டுவிட்டார்கள். கல்கத்தாவில் 1922-லேயே உளப்பகுப்பாய்வுக்கு, அதாவது ஃபிராய்டின் முறைக்கு, ஒரு சங்கம் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், நம் நாட்டு அனுபவம் வேறு என்று ஃபிராய்டுக்கே கடிதம் எழுதியவர். பழங்கதை பேசவே பிடிக்கவில்லை என்றால், இன்றைய எண்ணத்தையும் பழக்கத்தையும் நேரடியாகப் பிடிக்கும் சிபிடி (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) இருக்கிறது. அதை உருவாக்கிய ஆரன் பெக்கும் உளப்பகுப்பாய்வு படித்துவிட்டு வெளியே வந்தவர்தான்.

இரண்டு சில்லறை விஷயங்கள். படபடப்பு என்கிறீர்கள், ஒரு தைராய்டு டெஸ்ட் எடுத்துவிடுங்கள். இருட்டில், பனியில் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குகிறவரைப் பற்றிய பயத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. கிளம்பும்போது ஒரு போன், அடிவாரம் வந்ததும் ஒரு மிஸ்டு கால். நடுவில் நீங்கள் அடிக்கக் கூடாது. போனை எடுக்கப் போய்த்தான் வண்டி தடுமாறும்.

மகள் விஷயத்துக்கு மட்டும் கவுன்சலருக்காகக் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையில் கொல்லைப்பக்கம் போய், அவள் உயரத்துக்குக் குனிந்து, “அம்மா வேலைக்குப் போறேன், விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துருவேன்” என்று சொல்லுங்கள். அழுவாள். காலைக் கட்டிக்கொள்வாள். “காலங்காத்தால பிள்ளையை அழ வைக்கிறியே” என்று உங்கள் அம்மா திட்டுவார். பஸ் ஒன்று தவறும். பரவாயில்லை, அடுத்ததில் போங்கள். சாயங்காலம் வந்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், பக்கத்தில் போய்ச் சும்மா உட்காருங்கள்.