எந்த லென்ஸ், யார் முடிவு?

அன்புள்ள ஐயா,

என் மாமனாருக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குக் கூட்டிப்போய் வருகிறோம். காப்பீட்டு அட்டை இருப்பதால் பணம் கேட்பதில்லை. இப்போது மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன். இலவசம் என்றால் சாதா லென்ஸ்தானாம், மடிக்கிற லென்ஸுக்குக் கையிலிருந்து கட்ட வேண்டுமாம். டயாலிசிஸுக்கு மாதாமாதம் அவ்வளவு செலவழிக்கிற அரசு, ஒரே தடவை வைக்கிற லென்ஸில் ஏன் கணக்குப் பார்க்கிறது? ஏழைக்கு இது போதும் என்று யார் முடிவு செய்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

லென்ஸ் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம், உங்கள் கோபம் அதில்தான் இருக்கிறது. சாதா லென்ஸ் மட்டமான லென்ஸ் அல்ல, மடியாத கெட்டி லென்ஸ். அதை உள்ளே வைக்க ஐந்தாறு மில்லிமீட்டர் கீற வேண்டும், பெரும்பாலும் தையல் கிடையாது. மடிக்கிற லென்ஸுக்கு மூன்று மில்லிமீட்டருக்குள் போதும், புண் சீக்கிரம் ஆறும். ஆனால் புரையை உடைத்தெடுக்க இயந்திரம் வேண்டும், செலவு ஏறும். ஒன்றிரண்டு மாதம் கழித்துக் கண்ணாடி போட்டு எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னால் இரண்டு வகை லென்ஸ் வைத்தவர்களும் ஏறக்குறைய ஒரே வரிவரை வந்துவிடுவார்கள்.

கொடுக்கிற காசுக்கு எந்தச் சிகிச்சையில் எவ்வளவு பலன் என்று ஆராய மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் ஓர் அமைப்பு இருக்கிறது, 2017 வாக்கில் வந்தது. அது தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்ட கேள்விகளில் ஒன்று, சொன்னால் நம்ப மாட்டீர்கள், உங்கள் கேள்விதான். அந்த ஐந்தாறு மில்லிமீட்டர் கீறல் ஆபரேஷனும் கெட்டி லென்ஸும் போதும் என்றது.

இந்தக் கெட்டி லென்ஸே ஒரு காலத்தில் பணக்காரச் சமாசாரம். டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது, புரையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்புவதுதான் வழக்கம். இறக்குமதி லென்ஸ் எல்லோருக்கும் என்று அன்றைக்கு எந்தக் கமிட்டியிடம் கேட்டிருந்தாலும் கட்டுப்படியாகாது என்றுதான் சொல்லியிருக்கும். 1992இல் மதுரையிலேயே அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் லென்ஸ் செய்யத் தொடங்கியது, விலை மளமளவென்று இறங்கியது. மடிக்கிற லென்ஸும் ஒருநாள் எல்லோருக்கும் எட்டலாம், விலைதான் வழிவிட வேண்டும்.

சரி, டயாலிசிஸ். வெறும் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் உங்கள் மாமனாருக்கு அது கிடைத்திருக்காது. இங்கிலாந்தில் 1999இல் தொடங்கிய நைஸ் என்ற அமைப்பு, ஒரு நோயாளிக்கு நல்ல ஆரோக்கியத்தோடு ஓராண்டு கூடுதலாகக் கிடைக்க எவ்வளவு செலவாகிறது என்று பார்க்கும். பல ஆண்டுகளாக 20,000 முதல் 30,000 பவுண்டு வரை அதற்குச் சம்மதமாக இருந்தது, மேலே போனால் யோசித்தது. (வயதானவர்களையும் ஊனமுற்றவர்களையும் இந்த அளவுகோல் குறைத்து மதிக்கிறது என்ற குற்றச்சாட்டு உண்டு. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.) தாய்லாந்தில் இதே மாதிரிக் கணக்குப் போட்டபோது டயாலிசிஸ் தேறவில்லை. ஆனாலும் 2008இல் அரசு திட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டது. கணக்குத் தெரியாமல் அல்ல. சேர்க்காவிட்டால் ஒரு நோயாளிக்காக மொத்தக் குடும்பமும் சொத்தை விற்றுத் தெருவுக்கு வந்துவிடும் என்பதால். அதையும் யோசித்துத்தான் செய்தார்கள்: முதலில் வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்துகொள்ளும் டயாலிசிஸ், திரவம் வீடு தேடி வரும். அதிலும் குறைகள் வந்தன, 2022இல் நோயாளியே தேர்வு செய்யலாம் என்று மாற்றினார்கள். வாரம் இரண்டு தடவை பஸ் ஏறுகிற உங்களுக்கு அந்த வீட்டு ஏற்பாட்டின் அருமை புரியும்.

யார் முடிவு செய்வது என்று கேட்டீர்கள். அதிகாரிகளும் டாக்டர்களும்தான். அதில் தப்பில்லை, யாராவது செய்துதான் ஆக வேண்டும். என் மனக்குறை வேறு. நைஸ் தன் முடிவை வரைவாக வெளியிட்டு நோயாளிகளிடமும் கருத்துக் கேட்கும், மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. நம் காப்பீட்டுத் திட்டம் 2009இல் தொடங்கியது. எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு என்று பட்டியல் இருக்கிறது. இது ஏன் உள்ளே, அது ஏன் வெளியே என்பதை மட்டும் சாதாரண ஆள் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதி வைத்து நான் பார்த்ததில்லை. உங்களுக்கு லென்ஸ் பற்றி யாராவது நான்கு வரி தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால் ‘ஏழைக்கு இது போதும்’ என்று தோன்றியிருக்குமா?

மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் விழித்திரையைப் பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். எந்த லென்ஸ் என்பதெல்லாம் அப்புறம்.