மகனுக்கு 23ஆம் நாள், எனக்கு 36 வயதில்: நாக்கு ஒட்டு அறுவை பற்றி என் அனுபவம்

கேள்வி: பிறந்து மூன்று வாரமான என் குழந்தைக்கு டங் டை (நாக்கு ஒட்டு) இருக்கிறது, வெட்டிவிட வேண்டும் என்கிறார்கள். வெட்டலாமா? என் கணவருக்கும் அதேபோல் இருக்கிறது. பெரியவர்களுக்கும் இந்த அறுவை செய்வார்களா?

குழந்தை பால் குடிக்கும்போது என்ன நடக்கிறது என்பதை வைத்து முடிவெடுங்கள். நாக்குக்கு அடியில் தெரியும் சவ்வை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எங்கள் குடும்பத்தில் மூன்று பேருக்கு இந்தப் பேச்சு வந்தது. என் மகனுக்கும் எனக்கும் வெட்டினோம், அக்கா மகனுக்கு வெட்டவில்லை. மூன்று முடிவுமே சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடி முன்னால் நின்று நாக்கைத் தூக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு மெல்லிய மடிப்பு தெரியும். அது எல்லோருக்கும் உண்டு, நோய் கிடையாது. நாக்கை மேலே தூக்கும்போது வாயின் தரைப்பகுதித் திசு இழுபட்டு அப்படி மடிப்பாக எழுகிறது. சிலருக்கு அது குட்டையாகவோ, தடிப்பாகவோ, நாக்கு நுனி வரைக்கும் ஒட்டியோ இருக்கும். அப்போது நாக்கு மேலே எழாது, வெளியே நீளாது, நீட்டினால் நுனி இதய வடிவில் பிளந்தாற்போல் தெரியும். மருத்துவத்தில் ஆங்கிலோகுளோசியா என்பார்கள். இங்கே சிங்கப்பூரில் எல்லோருக்கும் அது டங் டை, என் அம்மாவுக்கு நாக்கு ஒட்டு. பிறக்கும் 100 குழந்தைகளில் 4 முதல் 10 பேருக்கு இருப்பதாகச் சொல்வார்கள். ஆண் குழந்தைகளிடம் கொஞ்சம் அதிகம். குடும்பத்தில் வழிவழியாக வரவும் செய்யும். அதனால் உங்கள் கணவருக்கும் இருப்பதில் ஆச்சரியமில்லை.

என் மகன் பிறக்கும்போது 3.1 கிலோ. பிறந்த குழந்தை முதல் சில நாள்களில் கொஞ்சம் எடை குறைவது வழக்கம்தான். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். இவன் 14ஆம் நாளும் 2.9 கிலோவில் நின்றான். ஒரு மணி நேரம் குடிப்பான், அப்படியே தூங்கிப்போவான், இருபது நிமிடத்தில் பசியில் வீறிடுவான். குடிக்கும்போது நாக்கைச் சொடுக்குவது போல் 'டக், டக்' என்று ஒரு சத்தம் வரும். வாயிலிருந்து எடுத்தால் முலைக்காம்பு ஒரு பக்கம் சப்பையாக, புது லிப்ஸ்டிக் நுனி போல் சாய்வாக வெளியே வரும். இரண்டாம் வாரம் புண்ணாகி ரத்தம் வந்தது. அடுத்த வேளைப் பால் கொடுக்கும் நேரம் நெருங்கும்போதே எனக்குக் கண்ணீர் வந்துவிடும். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே, "எல்லாருக்கும் முதல்ல வலிக்கும்மா, போகப் போகச் சரியாயிடும்" என்பார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் புண்ணாகி ரத்தம் வரும் அளவுக்கு வலிப்பது சாதாரணம் இல்லை. இதை எனக்கு யாராவது முன்பே அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

19ஆம் நாள் பாலூட்டல் ஆலோசகரிடம் போனோம். அவர் நாக்கைப் பார்ப்பதற்கு முன் நான் பால் கொடுப்பதைப் பதினைந்து நிமிடம் பக்கத்திலிருந்து பார்த்தார். குழந்தையைப் பிடிக்கும் விதத்தை மாற்றச் சொன்னார், சாய்ந்து படுத்தபடி கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அதற்கப்புறம்தான் கையுறை போட்டு, சுண்டுவிரலை அவன் வாயில் வைத்து, நாக்கு எப்படி அசைகிறது என்று தடவிப் பார்த்தார். குழந்தையின் நாக்கு கீழ் ஈறைத் தாண்டி முன்னால் வந்து, காம்பைக் கிண்ணம் போல் ஏந்த வேண்டும். பிறகு நாக்கின் பின்பகுதி கீழே இறங்கும்போதுதான் உறிஞ்சும் விசை உண்டாகும். இவன் நாக்கு ஈறைத் தாண்டவே இல்லை. அதனால் ஈறால் கடித்துக் கடித்துக் குடித்திருக்கிறான். மாற்று நிலைகளில் மூன்று நாள் முயன்றோம். வலி கொஞ்சம் குறைந்தது, எடை ஏறவில்லை. 23ஆம் நாள் வெட்டினோம்.

அந்த அறையில் நடந்ததை அப்படியே சொல்கிறேன், உங்களுக்கு உதவும். முதலில் மருத்துவர் இரண்டு கேள்வி கேட்டார். பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா? குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத நோய் உண்டா? குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றினார்கள். நாக்கில் இரண்டு சொட்டுச் சர்க்கரைக் கரைசல் விட்டார்கள். தாதி தலையைப் பிடித்துக்கொண்டார். நடுவில் பிளவுள்ள சின்ன உலோகத் தகட்டால் நாக்கைத் தூக்கினார் மருத்துவர், சவ்வு அந்தப் பிளவில் வந்து நின்றது. மழுங்கிய நுனியுள்ள கத்தரிக்கோலால் ஒரே வெட்டு. நான் பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. ரத்தம் என்று பார்த்தால் துணியில் காசு அளவு ஒரு கறை. உடனே என் கையில் கொடுத்துப் பால் கொடுக்கச் சொன்னார்கள். அழுதுகொண்டே வாயை வைத்தவன் சட்டென்று அமைதியானான். அந்தச் சொடுக்குச் சத்தம் அன்று வரவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வலி அந்த வாரமே குறைந்தது. பால் சுரப்பு ஏற்கெனவே குறைந்துபோயிருந்ததால் இன்னும் இரண்டு வாரம் பம்ப் செய்து புட்டியிலும் கொடுத்தேன். வெட்டிய இடத்தில் மறுநாள் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு திட்டு வந்தது. சீழ் பிடித்துவிட்டதோ என்று இரவெல்லாம் பயந்தோம். அது வாய்ப்புண் ஆறும்போது வரும் இயல்பான படலம், ஒன்றிரண்டு வாரத்தில் தானே போய்விடும். காய்ச்சல், நிற்காத ரத்தம், பால் குடிக்க மறுப்பது, இவை இருந்தால் மட்டும் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

சில மாதம் தாண்டிய குழந்தைக்கு இவ்வளவு சுலபமாக முடியாது. வாயைத் திறந்தபடி அசையாமல் இருக்க மாட்டார்கள், பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். அதனால் பால் குடிப்பதில் உண்மையான சிக்கல் இருந்தால் மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் அவசரப்படுத்துபவர்களிடமும் கவனமாக இருங்கள். ஆலோசகரிடம் போவதற்கு முன் ஒரு தனியார் மருந்தகத்தில் (கிளினிக்கில்) காட்டியிருந்தோம். பால் குடிப்பதைப் பார்க்கவே இல்லை. வாயைத் திறந்து பார்த்த இரண்டே நிமிடத்தில் நாக்கு, மேலுதடு, இரண்டு கன்னம் எல்லாவற்றிலும் ஒட்டு இருக்கிறது, லேசரில் மொத்தமாக எடுத்துவிடலாம், நாளைக்கே நேரம் இருக்கிறது என்றார்கள். தூக்கமில்லாத தாய் எதற்கும் தலையாட்டிவிடுவாள். நானும் ஆட்டியிருப்பேன், என் கணவர்தான் யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தார். மேலுதட்டுச் சவ்வு குழந்தைகளுக்கு இயல்பாகவே இருப்பது. கன்னத்தில் வெட்டக்கூடாது என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகத்தின் நிபுணர் குழு 2020இலேயே சொல்லிவிட்டது. முதலில் பாலூட்டல் உதவி கொடுத்துப் பாருங்கள், கத்தரிக்கோலைவிட லேசர் மேல் என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2024இல் அறிக்கை விட்டது. மருத்துவச் சான்றுகளைத் திரட்டிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2017 ஆய்வுத் தொகுப்பில் 5 சோதனைகள், மொத்தம் 302 குழந்தைகள். வெட்டிய பிறகு தாயின் வலி சில காலத்துக்குக் குறைந்தது தெரிந்தது. குழந்தை குடிப்பது எல்லாருக்கும் மேம்பட்டது என்று அதனால் சொல்ல முடியவில்லை. சிலருக்கு உதவும், எல்லாருக்கும் வேண்டியதில்லை என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அக்கா மகன் கதை வேறு. இரண்டரை வயதில் அம்மா, தா, வா தவிர வேறு சொல் வரவில்லை. நாக்கைத் தூக்கினால் சவ்வு நன்றாகத் தெரியும். சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல், "நாக்கு ஒட்டிருக்கு, வெட்டிவிடு, பேச்சு கொட்டும்" என்றார்கள். அக்கா பலதுறை மருந்தகத்தில் (அரசு பாலிகிளினிக்கில்) காட்டினாள். அங்கிருந்து அனுப்பிய இடத்தில் முதலில் செவித்திறனைச் சோதித்தார்கள். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. பாதிதான் கேட்டிருக்கிறது அவனுக்கு. காதைக் கவனித்தார்கள், பேச்சுப் பயிற்சி கொடுத்தார்கள், ஒரு வருடத்தில் வாய் ஓயவில்லை. நாக்கு ஒட்டு சில ஒலிகளின் உச்சரிப்பைக் கெடுக்கலாம். பேச்சே வராமல் தாமதமாவதற்கு அது காரணமில்லை. அதை நாக்கின் மேல் போட்டுவிட்டால் காதைப் பார்க்க மறந்துவிடுவோம். இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாக்கு புரளட்டும் என்று குழந்தைக்குத் தேன் தடவச் சொல்வார்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம்.

இனி உங்கள் கணவர் விஷயம். மகனுக்கு வெட்டிய அன்று மாலை அம்மா, "உனக்கும் இப்படித்தான்டி இருந்துச்சு. பால் குடிக்க ரொம்பப் படுத்துனே, ரெண்டாம் மாசமே புட்டிப் பால்தான்" என்றார். முப்பத்தாறு வயதில் அப்போதுதான் கண்ணாடியில் என் நாக்கைப் பார்த்தேன். வாயைத் திறந்து வைத்தபடி மேல் பல்லைத் தொட முடியவில்லை. கடைவாய்ப் பல்லில் மாட்டிய உணவை நாக்கால் எடுக்க வராது, விரல்தான் போகும். எல்லோருக்கும் அப்படித்தான் என்றே இருந்திருக்கிறேன்.

நான் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பழம், மழை, கிழமை என்று நாள் முழுக்க ழகரத்தோடுதான் வேலை. சொல்லிக்கொடுக்கும்போது மெதுவாக, நாக்கைப் பின்னுக்கு இழுத்து எப்படியோ கொண்டுவந்துவிடுவேன். கதை வேகமாகப் படித்தால் ளகரமாகிவிடும். மதியத்துக்குள் நாக்கின் அடியும் தாடையும் வலிக்கும். அந்த வலிக்காகத்தான் மருத்துவரிடம் போனேன். ழ வரவில்லை என்பதற்காகவே போகாதீர்கள். சிங்கப்பூரில் நாக்கில் எந்தக் குறையும் இல்லாத எத்தனையோ பேர் பளம் என்றுதான் சொல்கிறார்கள். அது பழக்கம்.

பெரியவர்களுக்கு ஊசி போட்டு மரத்துப்போக வைத்துச் செய்கிறார்கள். எனக்கு முழு மயக்கம் தேவைப்படவில்லை. நாக்குக்கு அடியில் ஊசி இறங்கும் அந்த ஒரு நொடிதான் கடினம். குறுக்கே வெட்டினால் காயம் சாய்சதுரமாக விரிகிறது, அதை நீளவாக்கில் சேர்த்துத் தைக்கிறார்கள், அதனால்தான் நீளம் கிடைக்கிறது. தானாகக் கரையும் தையல். கீழ்ப்பற்களுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உமிழ்நீர்க் குழாய்களின் வாய் இருக்கிறது. அதில் கத்தி பட்டால் உமிழ்நீர் தேங்கி வீங்கலாம், தழும்பு இறுகினால் மறுபடி ஒட்டலாம். இந்த இரண்டையும் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள், விளக்கிச் சொல்பவரிடமே செய்துகொள்ளுங்கள். மூன்று நாள் ஆறிய கஞ்சி, தயிர்சாதம், உப்புநீர்க் கொப்பளிப்பு. பேசாமல் இருந்ததுதான் பெரிய பாடு. குறட்டை, கழுத்து வலி, தூக்கம் எல்லாம் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள், அதற்கெல்லாம் உறுதியான சான்று கிடையாது.

வெட்டியதும் ழ தானாக வந்துவிடவில்லை. முப்பத்தாறு வருடப் பழக்கம் நாக்குக்குள் இருக்கிறது. பேச்சுப் பயிற்சியாளர் ஒரு சீனப் பெண்மணி. "உங்கள் மொழியில் நாக்கை மேலே கொண்டுபோகும் ஒலிகளை எழுதுங்கள்" என்றார். ட, ண, ள, ழ, ற என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் நுனி எங்கே தொடும் என்று கையால் காட்டினேன். ழகரத்தில் நுனி வளைந்து மேலே போகும், அண்ணத்தை அழுத்தாது என்றதும் அவரே நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தார். அப்புறம் என் பயிற்சியை அதைச் சுற்றியே அமைத்தார். வாயைத் திறந்து வைத்து நுனியால் மேல் பல்லின் பின்புறம் தொடுவது, உதட்டைச் சுற்றித் துழாவுவது, அண்ணத்தில் ஒட்டிச் சொடுக்குவது. தினமும் மூன்று வேளை, ஆறு வாரம். தாடை வலி முதல் மாதத்திலேயே போனது. ஒரு பக்கம் கதையை நிறுத்தாமல் படிக்க நான்கு மாதமானது.

உங்கள் கணவருக்குச் சாப்பிடவோ பேசவோ தொந்தரவு எதுவும் இல்லை என்றால் விட்டுவிடலாம். குழந்தையை இந்த வாரமே எடை பார்த்துவிடுங்கள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் என்யூஹெச் எனும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் பாலூட்டல் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நிபுணரிடம் போக வேண்டியிருந்தால் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். மெடிசேவில் (மருத்துவச் செலவுக்கான நம் சேமிப்புக் கணக்கில்) இருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது குழந்தையைப் பசியோடு கூட்டிப் போங்கள், அவர்கள் முன்னால் அவன் குடிக்க வேண்டும். பிறந்த எடையும் இப்போதைய எடையும் இங்கே எழுதினால், நானும் பார்த்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.