பத்தொன்பது ஆண்டுகள்: கடிதம்

அன்புள்ள ஐயா,

லட்சுமி மஜும்தார் பற்றிய கட்டுரையை வாசித்தேன். பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் தேசிய ஆணையராக அவர் 1964 முதல் 1983 வரை இருந்ததைப் பெருமையாக எழுதியிருந்தீர்கள். ஓர் அரசியல்வாதி இப்படி 19 ஆண்டுகள் ஒரே நாற்காலியில் இருந்திருந்தால் புகழ்ந்திருப்பீர்களா?

க., தண்டையார்பேட்டை

அன்புள்ள க.,

உங்கள் கேள்வியில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆண்டுக் கணக்கைச் சொல்லிவிட்டு, அதற்குள் நடந்ததைச் சுருக்கியது என் பிழை. தலைமைப் பதவிக்குக் கால வரம்பு வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை.

சாரணர் இயக்கம் இந்தியச் சிறுவர்களைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், 1916இல், அன்னி பெசன்ட் நம் சென்னையில் தனிச் சங்கம் தொடங்க வேண்டியிருந்தது. அப்படிப் பிரிந்து வளர்ந்த சங்கங்கள் 1950இல்தான் ஒன்றாயின; மறு ஆண்டு சாரணியரும் வந்து சேர்ந்தனர். பல நாடுகளில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனி அமைப்புகள் இயங்கிவந்தபோது, இருவரும் அடங்கிய அந்த இளைய அமைப்பை நடத்தும் பொறுப்பு ஒரு பெண்ணிடம் வந்தது. உலகச் சாரணர் அமைப்பு, தான் வழங்கும் ஒரே விருதான வெண்கல ஓநாயை 1969இல் அவருக்கு அளித்தது. உலகச் சாரணியர் மையமான 'சங்கம்' புனேயில் 1966இல் திறக்கப்பட்டதும் (பெயரைக் கேட்டால் நமக்கு மதுரைதான் நினைவுக்கு வரும்) அவர் காலத்தில்தான்.

அரசியலோடு ஒப்பிட்டதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே நாற்காலிக்குப் போட்டி. இங்கே ஒரு பள்ளியின் சாரணர் படையை நடத்த ஆள் கிடைப்பதே அரிது. ராயபுரத்தில் நான் படித்தபோது கணக்கு ஆசிரியரே சாரண ஆசிரியர். தனி ஊதியம் எதுவுமின்றி, சாயம் போன ஸ்கார்ஃபோடு, சனிக்கிழமை தவறாமல் மைதானத்தில் நிற்பார். கம்பத்தில் கயிற்றைக் கட்டும் கிளோவ் ஹிட்ச் முடிச்சை அவர் விளக்கி முடிப்பதற்குள், காசிமேட்டுப் பையன்கள் வலை பின்னிப் பழகிய விரல்களால் போட்டுவிட்டுச் சும்மா நிற்பார்கள். அவர் கோபிக்காமல், "எனக்கு ஒரு தடவை மெதுவா போட்டுக் காட்டுடா" என்று கயிற்றை நீட்டுவார். அவர் மாற்றலாகிப் போனபின் வந்தவர் இரண்டு பருவம்கூட நீடிக்கவில்லை. கயிறுகளும் கொடியும் தகரப் பெட்டிக்குள் போய், விளையாட்டுச் சாமான் அறையில் பூட்டிக் கிடந்தன.

மஜும்தாரின் ஆண்டுகளை எண்ணியபோது அந்தப் பெட்டிதான் என் மனத்தில் இருந்தது. அதைக் கட்டுரையில் எழுதாமல் விட்டுவிட்டேன். அந்தப் பத்தியை இப்போது திருத்தியிருக்கிறேன்.